மூன்று நாள் தாமதமும் 226 பவுண்டும்

லண்டனின் வடமேற்குப் பகுதியில் சிறு கடைகளுக்குக் கணக்கெழுதும் ஓர் அலுவலகத்தில் சம்பளப் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். பலசரக்குக் கடை, பெற்றோல் நிலையம், உணவகம் என்று எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். ஒரு கடையில் வேலையாட்கள் பத்துப் பேருக்கு மேல் இருப்பது அரிது. 2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை, அப்படியான ஒரு கடைக்காரர் தம்முடைய ஆட்களுக்குச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் “எல்லாம் போட்டாச்சு, வழமை போல” என்று வாட்ஸ்அப்பில் எனக்குச் செய்தி அனுப்பினார். நான் அதைப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனதும், முதல் வேலையாக அந்தச் சம்பள அறிக்கையை வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பினேன். மூன்று நாள் தாமதம்தான். அபராதம் வராது என்று எனக்குத் தெரியும். ஆகவே அதைப் பற்றி மேலும் நினைக்கவில்லை.

ஓகஸ்ட் முதல் வாரத்தில் அந்தக் கடையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டியபடி அலுவலகத்துக்கு வந்தார். ஆறு வயதுப் பிள்ளையுடன் தனியாக வாழ்கிறவர். “தம்பி, நான் ஒரு மணித்தியாலம் கூட வேலை செய்யேல்லை. ஏன் எனக்குக் காசை இப்பிடி வெட்டினவை?” என்று கேட்டார். திரையில் அவருடைய யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக் கணக்கு இருந்தது. மாதம் 1,214 பவுண்டு வரவேண்டிய இடத்தில் 609 பவுண்டு வந்திருந்தது. வீட்டு வாடகை மட்டும் 900 பவுண்டு. அவர் காட்டிய பக்கத்தில் ‘உங்கள் முதலாளி தெரிவித்த சம்பளம்’ என்ற இடத்தில் இரண்டு சம்பளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தது, நான் திங்கட்கிழமை அனுப்பிய ஜூன் மாதச் சம்பளம்.

அந்த அக்கா யாரென்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணக்கை மாற்றவில்லை, ஏனென்றால் இந்தப் பதிவே அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

பழைய ஆறு உதவித்தொகைகளை ஒன்றாக்கி, 2012ஆம் ஆண்டின் நலன்புரிச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது யுனிவர்சல் கிரெடிட். 2013 ஏப்ரலில் மான்செஸ்டருக்கு அருகேயுள்ள ஆஷ்டன் அண்டர் லைன் என்ற ஊரில் அது முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. வேலையற்றவர்களுக்கான பணம் என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. உண்மையில் அதைப் பெறுகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய சம்பளம் ஏறினால் உதவித்தொகை குறையும், இறங்கினால் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை மாதந்தோறும் கணக்கிடுவதற்காக, விண்ணப்பித்த திகதியை வைத்து ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு மாத மதிப்பீட்டுக் காலம் வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த அக்காவுக்கு அது ஒவ்வொரு மாதமும் 29ஆம் திகதி தொடங்கி அடுத்த மாதம் 28ஆம் திகதி முடியும். அதற்கு ஏழு நாள் கழித்துப் பணம் வரும்.

அந்த ஒரு மாதத்தில் அவர் எவ்வளவு உழைத்தார் என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. முதலாளி எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பும் சம்பள அறிக்கை, உதவித்தொகை வழங்கும் டி.டபிள்யூ.பி.யின் கணினிக்குத் தானாகவே போய்ச் சேருகிறது. 2013ஆம் ஆண்டின் யுனிவர்சல் கிரெடிட் விதிகளில் 61ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு மதிப்பீட்டுக் காலத்தின் சம்பளம் என்பது, அந்தக் காலத்துக்குள் எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து டி.டபிள்யூ.பி.க்கு வந்துசேர்ந்த தகவலை அடிப்படையாகக் கொண்டது. ‘வந்துசேர்ந்த’ என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சம்பளம் வெள்ளிக்கிழமை 27ஆம் திகதியே அக்காவின் வங்கிக் கணக்கில் விழுந்துவிட்டது. அவருடைய மதிப்பீட்டுக் காலம் சனிக்கிழமை 28ஆம் திகதி முடிந்தது. என்னுடைய அறிக்கை திங்கட்கிழமை 30ஆம் திகதி போனது. ஆகவே கணினியின் பார்வையில் அவர் ஜூனில் ஒரு சதமும் உழைக்கவில்லை, ஜூலையில் இரண்டு மடங்கு உழைத்தார்.

இந்த இடத்தில் கடைக்காரர்களும், ஒரு காலத்தில் நானும், சொல்லிவந்த ஆறுதல் ஒன்று உண்டு: ஒரு மாதம் கூட வரும், மறு மாதம் குறைய வரும், இரண்டையும் கூட்டினால் சரியாகிவிடும். அக்காவை உட்காரவைத்து அவர் முன்னாலேயே கூட்டிப் பார்த்தேன், சரியாகவில்லை.

2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கான விகிதப்படி அவருடைய அடிப்படைத் தொகை 400.14 பவுண்டு, பிள்ளைக்கு 292.81, வாடகைக்கு 900. மொத்தம் 1,592.95 பவுண்டு. கையில் வரும் சம்பளம் 1,100 பவுண்டு. பிள்ளை உள்ளவர்களுக்கும், நோயினாலோ மாற்றுத்திறனாலோ உழைக்கும் ஆற்றல் குறைந்தவர்களுக்கும் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு தொடுவதில்லை. வேர்க் அலவன்ஸ் என்று சொல்லப்படும் அந்தப் பகுதி, வாடகை உதவியும் பெறுகிறவர்களுக்கு அந்த ஆண்டில் மாதம் 411 பவுண்டு. மீதியிலிருந்து பவுண்டுக்கு 55 பென்ஸ் வீதம் கழிப்பார்கள். ஆகவே வழமையான மாதத்தில் 1,100இலிருந்து 411 போக 689. அதில் 55 வீதம் 378.95, அதை 1,592.95இலிருந்து கழித்தால் 1,214 பவுண்டு. இரண்டு மாதத்துக்கு 2,428.

இப்போது நடந்ததைப் பார்க்கலாம். ஜூனில் சம்பளம் பூச்சியம் என்பதால் முழுத்தொகையான 1,592.95 வந்தது. ஜூலையில் சம்பளம் 2,200; அதிலிருந்து 411ஐ ஒரு முறைதான் கழிக்கலாம்; மீதி 1,789இல் 55 வீதம் 983.95; கையில் வந்தது 609. இரண்டையும் கூட்டினால் 2,201.95 பவுண்டு. குறைந்த தொகை 226.05. அது வேறெங்கும் போகவில்லை. ஜூன் மாதத்துக்கு உரிய 411 பவுண்டு வேர்க் அலவன்ஸ், கழிப்பதற்குச் சம்பளம் இல்லாததால் வீணாகிவிட்டது. அந்த 411இன் 55 வீதம்தான் சதம் பிசகாமல் 226.05. வீணான சலுகையை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக வழியில்லை.

ஜூனுக்குரிய பணத்தில் கூடுதலாக வந்த 379 பவுண்டை அக்கா என்ன செய்தார் என்று கேட்டேன். ஏதோ பழைய நிலுவையைத் தந்திருக்கிறார்கள் என்று எண்ணி, மின்சாரக் கட்டணக் கடனை அடைத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அடுத்த மாதம் வாடகைக்கே போதாமல் போகும் என்று கட்டியம் கூறுகிறவர் யாரும் இல்லை.

வேர்க் அலவன்ஸ் இல்லாதவர்களுக்கு, அதாவது பிள்ளைகள் இல்லாத, உடல்நலமுள்ளவர்களுக்கு, கூட்டல் கழித்தல் பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கும் வேறு வாசல்களில் இடி விழலாம். இரட்டைச் சம்பளம் உதவித்தொகை முழுவதையும் விழுங்கிவிட்டால் கோரிக்கையே மூடப்படலாம். ஆறு மாதத்துக்குள் திரும்பத் திறக்கலாம் என்றாலும், திறக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இங்கிலாந்தில் இலவச மருந்துச் சீட்டுக்கான தகுதி, இறுதியாக முடிந்த மதிப்பீட்டுக் காலத்தின் சம்பளத்தை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது: 435 பவுண்டு வரை, பிள்ளைக்கான தொகையோ உடல்நலக் குறைவுக்கான நிலையோ உள்ளவர்களுக்கு 935 பவுண்டு வரை. மாதம் 800 பவுண்டு உழைக்கும் ஒரு தாய், கணினி 1,600 என்று காட்டிய மாதத்துக்கு அடுத்த மாதத்தில் மருந்தகத்தில் பழக்கதோஷத்தில் ‘இலவசம்’ என்ற பெட்டியில் அடையாளமிட்டால், பிறகு அபராதக் கடிதம் வரும். பெரிய குடும்பங்களுக்கு எதிர்த்திசையில் ஓர் அடி உண்டு. ஒரு குடும்பம் பெறும் மொத்த உதவிக்கு லண்டனில் மாதம் 2,110.25 பவுண்டு என்று உச்சவரம்பு இருக்கிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில், மாதம் 846 பவுண்டுக்குக் குறையாமல் உழைத்தால் அந்த வரம்பு பாயாது என்று இருந்தது. அறிக்கை தாமதமாகிச் சம்பளம் பூச்சியம் என்று தெரியும் மாதத்தில், உழைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தின் மீதும் அது பாயக்கூடும். அப்போது, கூட வரவேண்டிய அந்த முதல் மாதமும் கூட வராது.

இவ்வளவு நுட்பமான பொறியின் ஒரு முனை, வெள்ளிக்கிழமை இரவில் வாட்ஸ்அப் அனுப்பும் கடைக்காரரின் கையில் இருக்கிறது. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் வேலையாட்களின் சம்பள விவரத்தை ஆண்டுக்கொரு முறை, மே 19ஆம் திகதிக்குள் அனுப்பினால் போதும். டாக்ஸ் கிரெடிட் என்ற பழைய உதவியும் ஆண்டு வருமானத்தை வைத்தே கணக்கிடப்பட்டது. ஜூன் சம்பளம் ஜூலையில் பதிவானால் அதற்கு ஒன்றும் ஆகாது. 2013 ஏப்ரலில் உடனடித் தகவல் முறை வந்ததும், சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்னரோ அறிக்கை போகவேண்டும் என்று விதி மாறியது. சிறு முதலாளிகள் திணறினார்கள். ஆகவே ஒன்பது பேருக்கு மேற்படாத வேலையாட்களை வைத்திருந்தவர்களுக்கு 2016 ஏப்ரல் வரை விட்டுக்கொடுப்பு இருந்தது: வரி மாதத்தின் கடைசிச் சம்பள நாளுக்குள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம். விட்டுக்கொடுப்பு முடிந்துவிட்டது, பழக்கம் முடியவில்லை. வரி மாதம் 5ஆம் திகதிதானே முடிகிறது, அதற்குள் அனுப்பினால் போதும் என்று இன்றைக்கும் என்னிடம் வாதிடும் முதலாளிமார் இருக்கிறார்கள். வரிக் கணக்குக்கு அது ஓரளவு சரிதான். வேலையாளின் மதிப்பீட்டுக் காலம் எப்போது முடிகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. உதவித்தொகை பெறுவது வேலையாளின் சொந்த விடயம்.

அபராத முறையும் அந்தப் பழக்கத்துக்குத் துணைபோகிறது. தாமதமாக அறிக்கை அனுப்பினால், ஒன்பது பேர் வரை வேலை செய்யும் இடத்துக்கு மாதம் 100 பவுண்டு, 250 பேரோ அதற்கு மேலோ என்றால் 400 பவுண்டு. ஒரு வரி ஆண்டில் முதல் தவறுக்கு அபராதம் இல்லை. சம்பள நாளிலிருந்து மூன்று நாளுக்குள் அனுப்பிவிட்டால் பொதுவாக எச்.எம்.ஆர்.சி. அபராதம் விதிப்பதில்லை; அதையே வாடிக்கையாக்கினால் மட்டும் கேள்வி வரலாம். வரி வசூலிக்கும் அலுவலகத்துக்கு மூன்று நாள் பெரிதல்ல. அந்த மூன்று நாளைத்தான் நானும் உரிமைபோல் எடுத்துக்கொண்டேன். அப்படியே அபராதம் விதிக்கப்பட்டாலும் அது அரசின் கருவூலத்துக்குப் போகும். 226 பவுண்டு இழந்தவருக்கு அதில் ஒரு பென்னியும் இல்லை. சம்பளம் உரிய நாளில் முழுதாகக் கொடுக்கப்பட்டுவிட்டதால், முதலாளி சம்பளத்தைப் பிடித்துவைத்தார் என்று வழக்குப் போடவும் முடியாது.

இந்தக் கணக்கின் அநியாயம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது, ஆனால் சற்று வேறு வழியாக. மாத இறுதியில் சம்பளம் வாங்கும் நான்கு தனித்தாய்மார், சம்பள நாள் சனி ஞாயிறிலோ வங்கி விடுமுறையிலோ வரும்போதெல்லாம் அது முன்கூட்டியே போடப்படுவதால் ஒரே மதிப்பீட்டுக் காலத்தில் இரண்டு சம்பளம் விழுகிறது என்றும், ஒரு மாதத்து வேர்க் அலவன்ஸை இழக்கிறோம் என்றும் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றத்திலும், 2020 ஜூன் 22 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார்கள். இந்தக் குறிப்பிட்ட சிக்கலுக்குத் தீர்வு காணாமல் விட்டது பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அமைச்சரின் கொள்கை முடிவு ஒன்றைப் பற்றி ஆங்கிலேய நீதிபதிகள் அப்படிச் சொல்வது எளிதில் நடப்பதல்ல. அதன் பின் 2020 நவம்பர் 16 முதல் 61ஆம் விதியில் ஒரு திருத்தம் வந்தது: மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சம்பளம் பதிவானால், அதில் ஒன்றை வேறொரு காலத்துக்கு உரியதாக டி.டபிள்யூ.பி. கருதலாம். ‘கருதலாம்’ என்பதைக் கவனிக்கவேண்டும். ‘கருதவேண்டும்’ என்று இல்லை. திருத்தம் மாதச் சம்பளத்துக்கு மட்டும்தான். நான்கு வாரத்துக்கொரு முறை சம்பளம் வாங்கியதால், வாரம் 16 மணித்தியாலம் உழைத்தும் ஆண்டின் பதினொரு மாதங்களில் உச்சவரம்புக்குள் சிக்கிய ஒரு தாய் 2020இல் வென்றார்; 2021 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது.

விதியில் தாமதமான அறிக்கைக்கென்றே வேறு இடமும் இருக்கிறது. வந்த தகவல் உண்மையான சம்பளத்தை முக்கியமான விதத்தில் பிரதிபலிக்கவில்லை என்றால், அதை விட்டுவிட்டு வேறு சான்றுகளை வைத்து முடிவெடுக்கலாம். ஒரு முதலாளி நேரத்துக்கும் சரியாகவும் அறிக்கை அனுப்பமாட்டார் என்று தோன்றினால், அவருடைய அறிக்கையை நம்பாமல் வேலையாளிடமே விவரம் கேட்கலாம். இந்த வழி இருப்பதை அறிந்தவர்கள் குறைவு. சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் வைத்துக்கொண்டு, ஜேர்னல் எனப்படும், யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் செய்திப் பக்கத்தில் எழுதிக் கேட்கவேண்டும். மறுத்தால், முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கோரவேண்டும். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம்.

அக்காவின் விடயத்தில் நான் செய்யவிருந்த இரண்டாவது பிழையையும் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில், ஜூன் அறிக்கையைச் சரியான திகதியுடன் மீண்டும் அனுப்பினால் என்ன என்று தோன்றியது. விசைப்பலகையில் கை வைத்த பின்தான் உறைத்தது: அதே சம்பளம் இன்னொரு முறை பதிவாகி, அடுத்த மாதத்திலும் வெட்டு விழுந்திருக்கும். சம்பள மென்பொருளை மாற்றும்போது வேலையாளின் அடையாள எண் மாறியதைத் தெரிவிக்காமல் விட்டால், ஒருவருக்கு இரண்டு வேலைகள் இருப்பதாக எச்.எம்.ஆர்.சி. பதிவில் தோன்றிவிடும். அதன் விளைவும் இதுவேதான். இந்தத் தொழிலில் அவசரப்பட்டுத் திருத்துகிறவனை விட, கையைக் கட்டிக்கொண்டிருப்பவன் சில வேளைகளில் குறைந்த தீங்கு செய்கிறான்.

ஆகவே அறிக்கையைத் தொடவில்லை. சம்பளம் ஜூன் 27 அன்று கொடுக்கப்பட்டது, அறிக்கை எங்கள் அலுவலகத்தின் தவறால் 30ஆம் திகதி போனது என்று ஒரு கடிதம் எழுதினேன். கடைக்காரரின் கையெழுத்தையும் வாங்கினேன். அவர் முதலில் தயங்கினார், தம்மேல் ஏதும் வருமோ என்று. அக்காவின் ஜேர்னலில் கடிதத்தையும், சம்பளச் சீட்டையும், வங்கிப் பக்கத்தையும் ஏற்றி, 61ஆம் விதியின் பெயரைச் சொல்லி, ஜூன் சம்பளத்தை ஜூன் மாதத்துக்கே மாற்றித் தரும்படி அவரை எழுதவைத்தேன். முதலில் வந்த பதில், முதலாளியிடம் கேளுங்கள் என்பதாக இருந்தது. மறுபரிசீலனை கோரினோம். செப்டெம்பர் இறுதியில் முடிவு வந்தது: ஜூலைக்குக் குறைத்துக் கொடுத்தது 605 பவுண்டு, ஜூனுக்குக் கூட்டிக் கொடுத்தது 378.95, இரண்டையும் நேர்செய்து 226.05 பவுண்டு அவருடைய கணக்குக்கு வந்தது. அதற்கிடையில் அவர் வாடகை நிலுவைக்காக வீட்டுச் சங்கத்திடமிருந்து இரண்டு கடிதங்கள் வாங்கியிருந்தார், தங்கையிடம் 300 பவுண்டு கடனும் வாங்கியிருந்தார்.

அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். சம்பள விவரம் சம்பள நாளுக்கு மூன்று நாள் முன்னதாக வரவேண்டும். வராவிட்டால் நானே அழைத்துக் கேட்பேன். சம்பள நாள் ஞாயிறிலோ விடுமுறையிலோ வந்தால், பணம் முன்னதாகப் போனாலும் அறிக்கையில் வழக்கமான திகதியையே குறிக்கவேண்டும் என்று எச்.எம்.ஆர்.சி. சொல்லியிருப்பதை, மேசைக்கு மேல் ஒட்டிவைத்திருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு முன்கூட்டியே கொடுக்கும் சம்பளத்துக்கும் அதே விதிதான். கணக்கு இன்னும் ஆயத்தமில்லை என்று சொல்கிறவர்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன்: எவ்வளவு என்று தெரியாமலா பணத்தை வங்கியில் போட்டீர்கள்?

சென்ற மாதம், மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அதே கடைக்காரரிடமிருந்து செய்தி வந்தது. புதிதாக ஒரு பையனைச் சேர்த்திருக்கிறாராம்; அன்றைக்கே சம்பளமும் போட்டுவிட்டாராம்; விவரத்தைத் திங்கட்கிழமை பார்ப்போமா என்று கேட்டிருந்தார். நான் வெம்பிளியில் ரயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பையனின் தேசியக் காப்புறுதி எண்ணையும் பிறந்த திகதியையும் உடனே அனுப்பும்படி எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தேன். பதினொன்றரைக்கு அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. அந்தப் பையனுக்கு உதவித்தொகை ஏதும் வருகிறதா என்பது எனக்குத் தெரியாது.